ஆர்கேட்டா சதுப்புநிலக் காட்டுயிர்ச் சரணாலயம்

ஆர்கேட்டா சதுப்புநிலக் காட்டுயிர்ச் சரணாலயம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆர்கேட்டா நகரின் தென் எல்லையில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையை ஒட்டி அமைந்துள்ள ஈரநிலப் பகுதி ஆகும். இதன் பரப்பளவு 307 ஏக்கர் (சுமார் 124 ஹெக்டேர்). நன்னீர்ச் சதுப்புகள், உவர்நீர்ச் சதுப்புகள், ஓர் ஏரி, ஆக்சிசனேற்றக் குளங்கள், ஓதச் சேற்றுவெளி, புல்வெளி ஆகியன இதில் அடங்கும். 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கு பதிவாகியுள்ளன. நடைப்பயிற்சிக்கும் பறவை நோக்கலுக்கும் புகழ்பெற்ற இடமாக இது விளங்குகின்றது.

இச்சரணாலயத்தின் பெரும்பகுதி மனிதரால் கட்டமைக்கப்பட்டது. இங்குள்ள முதன்மையான நன்னீர்ச் சதுப்புகளில் ஓடுவது ஆர்கேட்டா நகர மக்களின் வீடுகளிலிருந்து வெளியேறிய கழிவுநீரே ஆகும். அந்நீர் படிப்படியாகத் தூய்மையாகி விரிகுடாவைச் சென்றடையும் வழியில்தான் பறவைகள் வாழ்கின்றன, மக்கள் நடக்கின்றனர். ஒரு சிறு நகரம் தன் கழிவுநீரைக் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அனுப்ப மறுத்து, அதனைத் தன் எல்லைக்குள்ளேயே தூய்மைப்படுத்த முன்வந்ததன் விளைவாக இவ்விடம் உருவானது.

பெயரும் அமைவிடமும்

இதன் ஆங்கிலப் பெயர் "ஆர்கேட்டா மார்ஷ் அண்ட் வைல்ட்லைஃப் சாங்ச்சுவரி" என்பதாகும். உள்ளூர் மக்கள் இதனைச் சுருக்கமாக "மார்ஷ்", அதாவது சதுப்பு, என்றே அழைப்பர்.

ஆர்கேட்டா நகரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சாலை வழியாக ஏறத்தாழ 450 கிமீ தொலைவில், பசிபிக் பெருங்கடற் கரையோரத்தில் உள்ளது. இப்பகுதி வியோட் பழங்குடி மக்களின் மரபுவழி நிலமாகும். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 19,000க்குச் சற்றுக் குறைவு. ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகம் இந்நகரிலேயே அமைந்துள்ளது. 2022 ஆம் ஆண்டில் இப்பல்கலைக்கழகத்தின் பெயர் "கால் பாலி ஹம்போல்ட்" என மாற்றப்பட்டது. சரணாலயத்தின் வரலாற்றில் இப்பல்கலைக்கழகத்துக்கு முக்கிய பங்கு உண்டு.

ஹம்போல்ட் விரிகுடாவின் வடபகுதி ஆர்கேட்டா விரிகுடா எனப்படுகின்றது. இது ஆழம் குறைந்தது. கடல் வற்றும்போது இங்கு பரந்த சேற்றுவெளிகள் வெளிப்படும். கலிபோர்னியாவில் வளர்க்கப்படும் சிப்பிகளில் பெரும்பகுதி ஹம்போல்ட் விரிகுடாவிலிருந்தே கிடைக்கின்றது. எனவே இந்நீரில் கலக்கும் கழிவுநீரின் தரம் உணவுப் பாதுகாப்பு சார்ந்த ஒரு சிக்கலும் ஆகும்.

கட்டமைக்கப்பட்ட ஈரநிலம்

இயற்கையான ஈரநிலங்கள் தம்முள் வரும் நீரை ஓரளவு தூய்மைப்படுத்துகின்றன என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. அதே செயல்முறையைக் கணக்கிட்ட அளவில், கணக்கிட்ட ஆழத்தில், மனிதர் அமைத்த நிலத்தில் நிகழச் செய்வதே கட்டமைக்கப்பட்ட ஈரநிலம் ஆகும். 1950களில் செருமனியைச் சேர்ந்த கேட்டே சைடல் என்னும் அறிவியலாளர் கோரை வகைத் தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் சோதனைகளை நடத்தினார். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகின்றார்.

இவ்வகை ஈரநிலங்கள் பொதுவாக இரண்டு வகைப்படும்.

1. மேற்பரப்பு ஓட்ட ஈரநிலம்: நீர் திறந்த வெளியில், தாவரத் தண்டுகளுக்கு இடையே, ஆழம் குறைந்த படலமாக மெல்ல நகரும்.
2. அடிப்பரப்பு ஓட்ட ஈரநிலம்: நீர் சரளைக்கல் அல்லது மணல் படுகைக்குள், வேர்களை ஒட்டி நகரும். நீர் வெளியே தெரியாது.

ஆர்கேட்டாவில் உள்ளவை முதல் வகையைச் சேர்ந்தவை. திறந்த நீர்ப்பரப்பு இருப்பதனாலேயே இவை நீர்ப்பறவைகளை ஈர்க்கின்றன. இரண்டாவது வகை குறைந்த இடத்தில் அமையக்கூடியது எனினும், பறவைகளுக்கு அதனால் பெரும் பயன் இல்லை.

வரலாறு

பழைய கரையோரம்

சரணாலயம் அமைந்துள்ள நிலம் முற்காலத்தில் ஓத நீர் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்பாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கரைகள் எழுப்பிக் கடல்நீரைத் தடுத்து, இச்சதுப்பின் பெரும்பகுதியை மேய்ச்சல் நிலமாக்கினர். விரிகுடாவின் ஆழமான பகுதிக்குச் செல்ல நீண்ட மரத்துறை ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன் மரத்தூண்களின் எச்சங்கள் நீருக்கு வெளியே வரிசையாகத் தெரிவதை இன்றும் காணலாம்.

20 ஆம் நூற்றாண்டில் இக்கரையில் மர அறுப்பாலைகள் எழுந்தன. அறுப்பதற்கு முன் மரங்களை மிதக்கவிட்டு வைப்பதற்கான குளங்களும் வெட்டப்பட்டன. பின்னர் நகரின் குப்பைமேடும் இங்கேயே அமைந்தது. 1949 இல் முதல்நிலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும், 1957 இல் ஆக்சிசனேற்றக் குளங்களும் இதே கரையில் அமைக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் குப்பைமேடு மூடப்பட்டபோது, கைவிடப்பட்ட ஆலை நிலம், குப்பைக் குன்று, கழிவுநீர்க் குளம் ஆகியவையே ஆர்கேட்டாவின் கடற்கரையாக இருந்தன. நகர மக்கள் உலாவ விரும்பும் இடமாக அது இருக்கவில்லை.

1974 ஆம் ஆண்டுக் கொள்கை

1972 இல் ஐக்கிய அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1974 இல் கலிபோர்னியா மாநிலம் விரிகுடாக்களையும் கழிமுகங்களையும் காப்பதற்கான ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன்படி, மூடிய விரிகுடாக்களில் நகரக் கழிவுநீரை விடுவது நிறுத்தப்பட வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. கழிவுநீர் வந்து சேராத நிலையில் விரிகுடா நீர் எத்தரத்தில் இருக்குமோ, அதைவிட மேலான தரம் அந்நீர் சேர்வதனால் உண்டாகும் என மெய்ப்பித்தால் மட்டும் அனுமதி வழங்கப்படலாம்.

இக்கொள்கையை நிறைவேற்றும் பொருட்டு, விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்கள் அனைத்துக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. விரிகுடாவின் அடியிலும் ஓரங்களிலும் குழாய்கள் பதித்து எல்லா ஊர்களின் கழிவுநீரையும் ஓரிடத்தில் சேர்த்து, சுத்திகரித்தபின் பெருங்கடலில் விடுவது இத்திட்டத்தின் நோக்கம். இதற்குப் பல கோடி டாலர் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. நீரை நெடுந்தொலைவு இறைப்பதற்குத் தொடர்ந்து மின்னாற்றலும் தேவைப்படும். மேலும் இப்பகுதி நிலநடுக்கம் மிகுந்தது. இக்காரணங்களால் ஆர்கேட்டா நகர மன்றத்திலும் மக்களிடையேயும் இத்திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது.

மாற்றுத் திட்டம்

ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் சார்ச் ஆலன், 1970களில் சுத்திகரித்த கழிவுநீரையும் கடல்நீரையும் கலந்த குளங்களில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். கழிவுநீரை ஒரு வளமாகவும் கருதலாம் என்னும் எண்ணத்துக்கு இச்சோதனை வலுச்சேர்த்தது. அதே பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழற் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், சதுப்புநிலத் தாவரங்களைக் கொண்டு குளத்துநீரை மேலும் தூய்மைப்படுத்தும் முறையை முன்வைத்தார். நகர மன்ற உறுப்பினர் டான் ஹாசர், நகரப் பொதுப்பணித் துறையின் பிராங்க் கிளாப் ஆகியோரும் இம்முயற்சியில் பங்குகொண்டனர்.

1979 முதல் 1982 வரை சிறு பாத்திகளில் முன்னோட்டச் சோதனை நடத்தப்பட்டது. தாவரங்கள் உள்ள பாத்திகளில் நீரின் ஆழத்தையும் ஓட்டத்தையும் மாற்றி அளவீடுகள் எடுக்கப்பட்டன. இதற்கிடையில் மாநிலக் கரையோரப் பேணல் அமைப்பின் நிதியுதவியுடன் கைவிடப்பட்ட நிலத்தில் புதிய சதுப்புகள் உருவாக்கப்பட்டன. 1981 இல் சரணாலயம் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் சதுப்புகளும் இணைந்த முழுமையான அமைப்பு 1986 இல் இயங்கத் தொடங்கியது.

ஆர்கேட்டாவின் வாதம் 1974 ஆம் ஆண்டுக் கொள்கையின் விதிவிலக்கையே அடிப்படையாகக் கொண்டது. நீரின் வேதியியல் தரத்தோடு, புதிதாக உருவாகும் வாழிடம், மக்களின் பொழுதுபோக்கு, கல்வி ஆகிய பயன்களும் விரிகுடாவின் மேம்பாடாகக் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என நகரம் வாதிட்டது. இவ்வாதம் ஏற்கப்பட்டது. ஆகவே இங்கு வந்து தங்கும் பறவைகளும், அவற்றைக் காண வரும் மக்களும் இத்திட்டத்தின் தற்செயலான துணைப்பயன்கள் அல்லர். நகரம் விரிகுடாவில் நீர் விடுவதற்கான அனுமதியே அவர்களது வருகையையும் சான்றாகக் கொண்டு பெறப்பட்டது.

1987 இல் போர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வழங்கப்படும் அரசுத்துறைப் புத்தாக்கப் பரிசு ஆர்கேட்டாவுக்குக் கிடைத்தது. பரிசுத்தொகை 1,00,000 டாலர் ஆகும்.

நீர் செல்லும் வழி

1986 ஆம் ஆண்டு வடிவமைப்பின்படி கழிவுநீர் பின்வரும் நிலைகளைக் கடக்கின்றது. இவ்வமைப்பு, மழையற்ற காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 23 இலட்சம் கலன் (சுமார் 87 இலட்சம் லிட்டர்) கழிவுநீரைக் கையாளும் வகையில் திட்டமிடப்பட்டது.

1. முதல்நிலை: கம்பிச் சல்லடைகள் துணி, நெகிழி முதலியவற்றைத் தடுக்கின்றன. மணலும் கல்லும் அகற்றப்படுகின்றன. பின்னர் நீர் பெரிய தொட்டிகளில் தேங்கும்போது கனமான திண்மங்கள் அடியில் படிகின்றன. படிந்த கசடு, காற்றில்லாத மூடிய கலன்களில் நுண்ணுயிரிகளால் செரிக்கப்படுகின்றது.

2. ஆக்சிசனேற்றக் குளங்கள்: இவற்றின் பரப்பு ஏறத்தாழ 45 ஏக்கர். கரைந்துள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் உண்கின்றன. அவற்றுக்குத் தேவையான ஆக்சிசனை, சூரிய ஒளியில் வளரும் பாசிகள் அளிக்கின்றன. பாக்டீரியாக்கள் வெளியிடும் கார்பனீராக்சைடைப் பாசிகள் பயன்படுத்திக்கொள்கின்றன.

3. சுத்திகரிப்புச் சதுப்புகள்: இவற்றின் பரப்பு ஏறத்தாழ 7.5 ஏக்கர். இங்கு முதன்மையாகக் கோரை வகைத் தாவரங்கள் அடர்ந்து வளர்க்கப்படுகின்றன.

4. கிருமிநீக்கம்: குளோரின் சேர்க்கப்பட்டு நோய்க்கிருமிகள் அழிக்கப்படுகின்றன. குளோரின் மீன்களுக்கு நஞ்சாகையால் பின்னர் அது நீக்கப்படுகின்றது.

5. மேம்பாட்டுச் சதுப்புகள்: ஆலன் சதுப்பு, கியர்ஹார்ட் சதுப்பு, ஹாசர் சதுப்பு என மூன்று உள்ளன. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 31 ஏக்கர். திட்டத்துக்கு உழைத்தவர்களின் பெயர்களே இவற்றுக்கு இடப்பட்டுள்ளன. பார்வையாளர் நடக்கும் கரைகள் பலவும் இவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

6. இறுதிநிலை: சதுப்புகளில் வாழும் பறவைகளின் எச்சத்தாலும் நீரில் கிருமிகள் சேரக்கூடும். எனவே நீர் மீண்டும் கிருமிநீக்கம் செய்யப்பட்டு விரிகுடாவில் விடப்படுகின்றது.

பிற்காலத்தில் திட்டமிடப்பட்ட மேம்பாட்டுப் பணிகளில், குளோரினுக்கு மாற்றாகப் புற ஊதாக் கதிர்களைக் கொண்டு கிருமிநீக்கம் செய்வதும், நீர் செல்லும் வரிசையை மாற்றியமைப்பதும் இடம்பெற்றுள்ளன.

சதுப்பு நீரைத் தூய்மைப்படுத்தும் விதம்

நீரின் மாசைக் குறிக்கும் முக்கிய அளவீடுகளுள் ஒன்று உயிர்வேதி ஆக்சிசன் தேவை ஆகும். நீரிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் சிதைப்பதற்கு எவ்வளவு ஆக்சிசன் தேவைப்படும் என்பதை இது காட்டும். இம்மதிப்பு மிகுந்த நீர் விரிகுடாவில் கலந்தால், அங்குள்ள ஆக்சிசன் தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டி இறக்கும். மற்றோர் அளவீடு நீரில் மிதக்கும் திண்மங்களின் அளவு. ஐக்கிய அமெரிக்காவின் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு விதிப்படி, இவை ஒவ்வொன்றின் மாதச் சராசரியும் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

ஆக்சிசனேற்றக் குளங்கள் மலிவானவை. ஆனால் அவற்றிலிருந்து வெளியேறும் நீரில் பாசி நிறைந்திருக்கும். அப்பாசியும் மிதக்கும் திண்மமாகவே கணக்கிடப்படும். அது விரிகுடாவில் இறந்து சிதையும்போது மீண்டும் ஆக்சிசனை உட்கொள்ளும். அதாவது ஒரு மாசை நீக்கப் பயன்பட்ட உயிரியே அடுத்த மாசாகிவிடுகின்றது. இச்சிக்கலுக்குச் சதுப்பு விடையளிக்கின்றது. அடர்ந்த கோரையின் நிழலில் ஒளி குறைவதால் பாசிகள் வளர இயலாமல் இறக்கின்றன. தண்டுகளுக்கு இடையே நீர் மிக மெதுவாக நகர்வதாலும், காற்று நீரைக் கலக்காததாலும் அவை அடியில் படிகின்றன.

நீருக்குள் மூழ்கியுள்ள தண்டுகளின் மேலும் மக்கிய இலைகளின் மேலும் நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. நீரிலுள்ள கரிமப் பொருள்களை இவை தொடர்ந்து உண்கின்றன. தூய்மைப்படுத்தும் வேலையில் பெரும்பங்கை ஆற்றுவது இப்படலமே. தாவரத்தின் முதன்மைப் பணி, அப்படலத்துக்கு இடம் கொடுப்பதும் நிழல் தருவதும் ஆகும். ஆக்சிசன் குறைந்த அடிச்சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைத்திரேட்டை நைதரசன் வளிமமாக மாற்றி வளிமண்டலத்துக்கு அனுப்புகின்றன.

உயிரினங்கள்

வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே தென் அமெரிக்கா வரை நீளும் பசிபிக் வலசைப் பாதையில் ஹம்போல்ட் விரிகுடா அமைந்துள்ளது. வலசை வரும் கரைப்பறவைகள் சேற்றுவெளியில் புழுக்களையும் சிறு கணுக்காலிகளையும் உண்டு உடற்கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. கடல் ஏறும்போது சேற்றுவெளி நீரில் மூழ்கிவிடும். அந்நேரத்தில் அவை நிற்பதற்குப் பாதுகாப்பான மேட்டுநிலம் தேவை. சரணாலயத்திலுள்ள கிளாப் ஏரியின் திட்டுகளும் கரைகளும் இத்தேவையை நிறைவு செய்கின்றன.

இங்கு காணப்படும் பறவைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

கரைப்பறவைகள்: பளிங்கு மூக்கன், நீள்அலகுக் கோட்டான், அமெரிக்கக் கோணமூக்கு உள்ளான், மேற்கத்திய உள்ளான் முதலியன. பளிங்கு மூக்கன், தமிழ்நாட்டுக் கரைகளுக்கு வரும் கருவால் மூக்கனின் அமெரிக்க உறவினம் ஆகும்.

வாத்துகள்: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், அமெரிக்க நாமத்தலை வாத்து, இலவங்கக் கிளுவை முதலியன. குளிர்காலத்தில் ஆக்சிசனேற்றக் குளங்களிலும் வாத்துகள் பெருமளவில் கூடும். குளத்திலுள்ள சிற்றுயிர்கள் அவற்றுக்கு உணவாகின்றன.

கொக்கு வகைகள்: பெரிய வெண்கொக்கு, பனிவெண் கொக்கு, பெரிய நீல நாரை, வக்கா எனப்படும் இராக்கொக்கு, கோரைக்குள் மறைந்து வாழும் அமெரிக்கக் குருகு.

கொன்றுண்ணிப் பறவைகள்: பொரி வல்லூறு, விராலடிப்பான், வடபுலப் பூனைப்பருந்து. கரைப்பறவைக் கூட்டம் முழுவதும் திடீரென ஒரே வீச்சில் எழுந்து வளைந்து பறந்தால், அருகில் வல்லூறு வந்துள்ளது என அறியலாம்.

இவற்றுள் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், வக்கா, விராலடிப்பான் ஆகியன தமிழ்நாட்டின் ஈரநிலங்களிலும் காணப்படும் அதே இனங்களாகும்.

வட அமெரிக்க ஆற்று நீர்நாய்கள் சதுப்புகளில் வாழ்கின்றன. பகலிலும் இவற்றைக் காண இயலும் என்பதால் பார்வையாளர்களை இவை பெரிதும் கவர்கின்றன. பசிபிக் மரத்தவளைகளின் ஒலியைக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் கேட்கலாம். முன்பு மரங்களை மிதக்கவிட்ட குளம் ஒன்று, ஓத நீர் வந்து செல்லும் கழியாக மீட்டெடுக்கப்பட்டுள்ளது. நகரின் ஊடாக வரும் ஓடை ஒன்று அதில் கலக்கின்றது.

சதுப்புத் தாவரங்களுள் கோரை, சம்பு ஆகியன முதன்மையானவை. வல்லாரையை ஒத்த வட்ட இலைகளையுடைய நீர்க்கொடி ஒன்றும், நீரின் மேல் பச்சைத் தூள் தூவியதுபோல் மிதக்கும் மிகச்சிறு தாவரங்களும் பரவலாக உள்ளன.

நடைபாதைகளும் பார்வையாளர் வசதிகளும்

சரணாலயத்தில் சுமார் 5 மைல் (8 கிமீ) நீளமான நடைபாதைகள் உள்ளன. இவற்றில் பல, சதுப்புகளைப் பிரிக்கும் மண்கரைகளின் மேல் செல்கின்றன. நிலம் பெரும்பாலும் சமதளமாக இருப்பதால் முதியோரும் சிறுவரும் எளிதில் நடக்கலாம். அனுமதிக் கட்டணம் இல்லை. பறவைகளுக்கு அச்சமூட்டாமல் பார்ப்பதற்கு மறைவுத் தட்டிகளும், ஆங்காங்கே இருக்கைகளும், விளக்கப் பலகைகளும் அமைக்கப்பட்டுள்ளன. வளர்ப்பு நாய்களை வாரில் பிடித்தபடி மட்டுமே அழைத்துச் செல்லலாம். 2017 இல் நிறைவுற்ற ஹம்போல்ட் விரிகுடாப் பாதையின் வடபகுதியும் சரணாலயத்தை ஒட்டிச் செல்கின்றது.

மூடப்பட்ட குப்பைமேடு இன்று புல் மூடிய குன்றாக உள்ளது. மக்கள் இதனை வேடிக்கையாக "மவுண்ட் டிராஷ்மோர்", அதாவது குப்பைமலை, என்பர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் முகங்கள் செதுக்கப்பட்ட ரஷ்மோர் மலையின் பெயரைத் திரித்து இப்பெயர் உண்டாக்கப்பட்டது.

1993 இல் விளக்க மையம் ஒன்று திறக்கப்பட்டது. கழிவுநீர் செல்லும் வழி, சதுப்பின் உயிரினங்கள், கரையோரத்தின் வரலாறு ஆகியவற்றை விளக்கும் காட்சிப்பொருள்கள் இங்கு உள்ளன. "ஆர்கேட்டா சதுப்பின் நண்பர்கள்" என்னும் தன்னார்வ அமைப்பு நகராட்சியுடன் இணைந்து செயற்படுகின்றது. இவ்வமைப்பினரும், வட்டார ஆடுபான் சங்கத்தினரும் வழிகாட்டியுடன் கூடிய நடைகளை நெடுங்காலமாகச் சனிக்கிழமைகளில் நடத்தி வருகின்றனர். 1996 முதல் இளவேனிற் காலத்தில் பளிங்கு மூக்கனின் பெயரால் ஆர்கேட்டாவில் நடைபெறும் பறவை விழாவுக்கு வருவோரும் இங்கு கூடுவர்.

ஆர்கேட்டா மக்களிடையே வழங்கும் "ஃபிளஷ் வித் பிரைட்" என்னும் முழக்கம் இரு பொருள் உடையது. பெருமிதத்தால் முகம் சிவத்தல் என்பது ஒரு பொருள். கழிப்பறையில் நீரைத் திறந்துவிடும் செயலையும் பெருமிதத்துடன் செய்தல் என்பது மற்றொன்று.

பார்ப்பதற்கு ஏற்ற காலம்

இலையுதிர் காலம் முதல் இளவேனில் வரை பறவைகள் மிகுதியாக இருக்கும். ஆனால் குளிர்காலத்தில் மழை மிகுதி. கோடையில் மூடுபனி அடிக்கடி சூழும்; அப்போது வலசைப் பறவைகள் குறைவாகவும், கூடுகட்டும் உள்ளூர்ப் பறவைகள் அதிகமாகவும் இருக்கும்.

கரைப்பறவைகளைக் காண விரும்புவோர், கடிகாரத்தைவிட ஓத அட்டவணையையே முதலில் பார்க்க வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவிலுள்ள சேற்றில் சிதறிக் கிடக்கும். கடல் ஏறத்தொடங்கும்போது நீர் அவற்றைப் படிப்படியாகக் கரைக்கு அருகில் கொண்டுவரும். உச்ச ஓதத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பு கரையை அடைவது நல்லது. ஓய்வெடுக்கும் பறவைக் கூட்டத்தை மிக நெருங்குதல் கூடாது. ஒவ்வொரு முறை கலைந்து எழும்போதும், நெடும்பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பின் ஒரு பகுதியை அவை இழக்கின்றன.

சதுப்புநீர் சுத்திகரிப்பில் உள்ள நீர் என்பதால் அதில் இறங்குவதும், கை கழுவுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. இயந்திரங்கள் உள்ள முதல்நிலைப் பகுதி வேலியிடப்பட்ட பணியிடமாகும்.

வரம்புகளும் அறைகூவல்களும்

நிலத்தேவை: இம்முறைக்கு மின்னாற்றல் குறைவாகவும் நிலம் மிகுதியாகவும் தேவை. ஆர்கேட்டாவின் குளங்களும் இருவகைச் சதுப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 83 ஏக்கர் ஆகும். இதே விகிதத்தில் பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரம் ஒன்றுக்குச் சுமார் 1,800 ஹெக்டேர் நிலம் வேண்டும். எனவே சிறு நகரங்களுக்குப் பொருந்தும் இம்முறையைப் பெருநகரங்களுக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

மழைநீர்: குளிர்கால மழையின்போது பழைய பாதாளச் சாக்கடைக் குழாய்களின் வெடிப்புகள் வழியாக மழைநீர் புகுவதால், நிலையத்துக்கு வரும் நீரின் அளவு பன்மடங்கு உயர்கின்றது. நீர் விரைவாகக் கடந்து செல்லும்போது சதுப்பு வேலைசெய்யும் நேரம் குறைகின்றது.

பராமரிப்பு: ஆண்டுதோறும் இறக்கும் தாவரங்களும் படியும் பாசியும் சேர்ந்து சதுப்பின் ஆழத்தைக் குறைக்கின்றன. அவற்றை அவ்வப்போது அகற்றாவிடில் நீர் குறுக்குவழி கண்டு ஓடிவிடும். சதுப்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது தவறான கருத்து.

கடல்மட்ட உயர்வு: இதுவே மிகப் பெரிய அறைகூவல் ஆகும். ஹம்போல்ட் விரிகுடாவின் அடியில் புவித்தட்டுகளின் இயக்கத்தால் நிலம் மெல்லத் தாழ்ந்து வருகின்றது. கடல் உயர்வதும் நிலம் தாழ்வதும் சேர்வதால், இங்கு கடல்மட்டத்தின் சார்பு உயர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மிமீ என அளவிடப்பட்டுள்ளது. கலிபோர்னியாக் கரையில் இதுவே மிக உயர்ந்த வீதம். ஆக்சிசனேற்றக் குளங்களையும் நன்னீர்ச் சதுப்புகளையும் கடலிலிருந்து பிரிப்பவை மண்கரைகள் மட்டுமே. அவை உடைந்தால் அல்லது நீர் அவற்றின் மேல் வழிந்தால், நகரின் சுத்திகரிப்பு அமைப்பு பாதிக்கப்படுவதோடு சுத்திகரிக்கப்படாத நீர் விரிகுடாவில் கலக்கும் நிலையும் உண்டாகும். உப்புநீர் புகுந்தால் நன்னீர்க் கோரைகளும் அழியும்.

கரைகளை உயர்த்துதல், கரைக்கு வெளியே உவர்ச் சதுப்பை வளர்த்து அலைகளின் வேகத்தைத் தணித்தல், நிலையத்தை உயரமான இடத்துக்கு மாற்றுதல் ஆகிய வழிகள் ஆராயப்படுகின்றன. இவற்றுள் நிலையத்தை மாற்றும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டால், கழிவுநீரும் பறவைகளும் மக்களும் ஒரே இடத்தில் கூடும் இப்போதைய ஏற்பாடு நீடிக்குமா என்பதும் நகரம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஈரநிலம்
கழிவுநீர்ச் சுத்திகரிப்பு
உயிர்வேதி ஆக்சிசன் தேவை
பறவைகளின் வலசை
ஹம்போல்ட் விரிகுடா